வீட்டிலிருந்தே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி: எதில் தொடங்குவது, என்ன காகிதம், எவ்வளவு செலவு

அம்மாவின் மருந்துச் சீட்டில் கடைசி வரி 'பல்மனரி ரீஹாப்', அதாவது நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்றிருந்தது. மருந்துக்கடைத் தம்பி அதையும் ஏதோ மாத்திரை என்று நினைத்து, "இது மட்டும் ஸ்டாக் இல்லக்கா, திருநெல்வேலில பாருங்க" என்றான். அன்றிலிருந்து, அம்மா சங்கரன்கோவில் வீட்டில் போன் முன்னால் உட்கார்ந்து முதல் பயிற்சியைச் செய்ய மூன்றரை மாதம் பிடித்தது. வரிசை தெரிந்திருந்தால் மூன்று வாரத்தில் முடித்திருக்கலாம். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. சென்னையில் கணக்கு வேலை பார்ப்பவள். அம்மா பீடி, சிகரெட் பக்கமே போனதில்லை. முப்பது வருடம் விறகடுப்பில் இட்லிக்கடை நடத்தினார். அவருக்கு வந்தது சி.ஓ.பி.டி., அதாவது மூச்சுக்குழாய்கள் சுருங்கிப்போய் மூச்சுவிடுவதே சிரமமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய். பெண்களுக்கு இது வர அடுப்புப் புகை ஒரு பெரிய காரணம். மார்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "கேஸா, விறகாம்மா?" என்பதுதான். அதற்கு முன் பல வருடம் 'வீசிங்', 'இளைப்பு' என்று சொல்லி ஊசி போட்டுக்கொண்டிருந்தோம்.

இந்தப் பயிற்சி என்ன செய்யும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் வாரமே ஏமாற்றமாக இருக்கும். கெட்டுப்போன நுரையீரல் இதில் சரியாகாது. ஊதும் சோதனையின் எண்ணும் பெரிதாக மாறாது. மாறுவது காலும் தைரியமும். மூச்சு வாங்குகிறதே என்று உட்கார்ந்துவிடுகிறோம்; உட்கார உட்காரக் கால் தசை மெலிகிறது; மெலிந்த தசை அதே வேலைக்கு இன்னும் அதிக மூச்சைக் கேட்கிறது. இந்தச் சுற்றை உடைப்பதுதான் வேலை. நடைப்பயிற்சி, தசைப்பயிற்சி, மூச்சுவிடும் முறை, இன்ஹேலரைச் சரியாக இழுப்பது, சாப்பாடு எல்லாம் சேர்ந்த ஒரு பாடத்திட்டம் இது. எட்டு வாரம் என்பது பொதுவான கணக்கு. சில இடங்களில் பன்னிரண்டு வாரம்.

போனில், வீடியோ வழியே செய்தால் பலன் இருக்குமா என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2021இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, தொலைவிலிருந்து செய்ததும் மையத்துக்குப் போய்ச் செய்ததும் ஏறக்குறைய ஒரே பலனைத் தந்ததாகச் சொல்கிறது. நுரையீரல் மருத்துவ அமைப்பான அமெரிக்க தொராசிக் சொசைட்டியின் 2023 வழிகாட்டலும் இரண்டில் எதை வேண்டுமானாலும் நோயாளிக்குத் தரலாம் என்கிறது. சரி, வேலைக்கு வருவோம்.

1. முதலில் மார்பு மருத்துவரின் ஒப்புதல்

யூடியூபைப் பார்த்து நீங்களாகத் தொடங்காதீர்கள். அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்வில் இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர்கள், ரத்த அழுத்தம் கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்து சிகிச்சை எடுத்தவர்கள், காசநோய் தீராதவர்கள் ஆகியோர் மருத்துவர் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். மூட்டுத் தேய்மானம், தலைசுற்றல், கீழே விழுந்த வரலாறு இருந்தால் வீட்டுப் பயிற்சி கூடாது என்றில்லை. ஆனால் பக்கத்தில் ஆள் இல்லாமல் கூடாது.

சளி முற்றி மருத்துவமனையில் படுத்து வந்தவர்களுக்கு வேறு கணக்கு. "உடம்பு நல்லாத் தேறட்டும், ஆறு மாசம் கழிச்சுப் பார்ப்போம்" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மையில் வீடு திரும்பிய மூன்று, நான்கு வாரத்துக்குள் தொடங்குவதே நல்லது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே கேட்டுவிடுங்கள்.

சீட்டில் மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: நோயின் பெயரும் நிலையும், 'வீட்டில் உடற்பயிற்சி செய்யலாம்' என்ற வரி, பயிற்சியின்போது ஆக்சிஜன் அளவு எவ்வளவுக்குக் கீழே போகக்கூடாது என்ற எண். மூன்றாவதைக் கேட்காமல் வந்ததால் நான் மறுபடி 500 ரூபாய் கட்டணம் கட்டினேன்.

2. சோதனைகள்: எங்கள் ஆறு வாரம் போனது இங்கேதான்

முக்கியமானது ஸ்பைரோமெட்ரி. குழாயை வாயில் வைத்து மூச்சை முழுக்க இழுத்து, ஒரே தம்மில் ஊதித் தள்ள வேண்டும். ஆய்வகங்களில் பி.எஃப்.டி. என்பார்கள். மருந்து கொடுத்து, பதினைந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை ஊதச் சொல்வார்கள். இந்த இரண்டாவது முறைதான் சி.ஓ.பி.டி.யை உறுதிசெய்யும்: முதல் நொடியில் வெளியே வந்த காற்று, மொத்தக் காற்றில் 70 சதவீதத்துக்கும் குறைவாக இருக்கும். சில ஆய்வகங்கள் ஒருமுறை மட்டும் ஊதவைத்து அனுப்பிவிடுகின்றன. அந்த அறிக்கையைக் கொண்டுபோனால் திரும்ப எடுக்கச் சொல்வார்கள். பணம் கட்டுமுன் "மருந்துக்கு முன்னும் பின்னும் எடுப்பீங்களா?" என்று கேளுங்கள்.

எங்கள் கதையில் சிக்கல் வேறு. சோதனைக்கு இரண்டு வாரம் முன்புதான் அம்மாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தது. ஒன்றரை மணி நேரம் பேருந்தில் திருநெல்வேலிக்குப் போய், டோக்கன் வாங்கி, அம்மா குழாயைக் கையில் எடுத்தபோது சோதனை எடுக்கும் பெண் "கண்ல என்னம்மா சிவப்பா இருக்கு?" என்றாள். சொன்னோம். குழாயை வாங்கி வைத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொன்னாள். வேகமாக ஊதும்போது கண்ணுக்குள் அழுத்தம் கூடும் என்பதால் இந்த எச்சரிக்கை. எத்தனை நாள் இடைவெளி என்பது இடத்துக்கு இடம் மாறுகிறது. கண், நெஞ்சு, வயிறு, காது எதில் அறுவை நடந்திருந்தாலும் போனிலேயே சொல்லி, தேதி கேட்டுக்கொண்டு போங்கள்.

இருமல் தொடர்ந்து இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை கேட்பார்கள். காசநோய் இல்லை என்று தெரியாமல் அந்தக் கருவியில் ஊதவிட மாட்டார்கள். இது அரசு மருத்துவமனையில் இலவசம். ஆனால் ஓரிரு நாள் பிடிக்கும். இதை முன்னதாகவே முடித்துவிட்டால் ஒரு பயணம் மிச்சம்.

ஊதுவதற்கு முன் எந்த இன்ஹேலரை எத்தனை மணி நேரம் நிறுத்த வேண்டும் என்பதையும் கேளுங்கள். அவசரத்துக்கு எடுப்பதற்கும் காலை மாலை எடுப்பதற்கும் கணக்கு வேறு.

இதோடு இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, இதயத்துக்கு எக்கோ. நாங்கள் தனியாரில் கொடுத்தது: ஸ்பைரோமெட்ரி 900, எக்கோ 1,500, எக்ஸ்ரே 400, இ.சி.ஜி. 200. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே போனால் இந்தச் செலவு அநேகமாக இருக்காது, பதிலாக இரண்டு காலைப்பொழுது வரிசையில் போகும். எனக்கு விடுப்பு இல்லாததால்தான் தனியாருக்குப் போனேன். நேரம் இருந்தால் அரசு மருத்துவமனையே என் முதல் யோசனை.

மருத்துவமனைத் தாழ்வாரத்திலேயே ஆறு நிமிட நடைச் சோதனையையும் முடித்துவிடுங்கள். 30 மீட்டர் நேர்ப்பாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளப்பார்கள். அந்த நீளத்துக்கு நம் வீட்டில் எங்கே இடம்? அம்மா 270 மீட்டர் நடந்தார், நடுவில் இரண்டு முறை சுவரைப் பிடித்து நின்றார். இந்த எண் இல்லாமல் தொடங்கினால், எட்டு வாரம் கழித்து முன்னேறினோமா என்று சொல்ல எதுவும் கையில் இருக்காது.

3. காகிதங்களை ஒரே கோப்பில்

ஸ்பைரோமெட்ரி, இ.சி.ஜி. இரண்டும் பல இடங்களில் வெப்பத்தாளில் அச்சாகி வரும், பேருந்துச் சீட்டு போல. நான்கு மாதத்தில் வெளுத்துவிடும். கையில் வந்த அன்றே ஜெராக்ஸ் எடுங்கள். அம்மாவின் பழைய இ.சி.ஜி. ஒன்று இப்போது வெறும் ரோஸ் கட்டம்தான்.

கோப்பில் இருக்க வேண்டியவை: மேலே சொன்ன அறிக்கைகள், மருத்துவரின் ஒப்புதல் சீட்டு, இருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது எடுக்கும் மருந்துகளின் பட்டியல் (சர்க்கரை, பிரஷர் மாத்திரையும் சேர்த்து), ஆதார் நகல், அவசரத்துக்கு அழைக்க இரண்டு எண்கள். அந்த எண்களில் ஒன்று அதே தெருவில் இருப்பவருடையதாக இருக்கட்டும். சென்னையில் இருக்கும் என் எண்ணை வைத்து யாரால் என்ன செய்ய முடியும்? ஆபா என்கிற 14 இலக்க சுகாதார எண் இருந்தால் நல்லது. இல்லையென்று யாரும் திருப்பி அனுப்பவில்லை.

வாட்ஸப்பில் அறிக்கைகளைப் படமாக அனுப்பாதீர்கள். அது சுருக்கிவிடும், வரைபடத்தின் கோடு மங்கிவிடும். பி.டி.எஃப். ஆக்கி 'டாக்குமெண்ட்' என்ற வழியில் அனுப்புங்கள்.

4. பிசியோவைத் தேடுவது

எல்லா பிசியோதெரபிஸ்டும் இதைச் செய்வதில்லை. முழங்கால், இடுப்பு, பக்கவாதம் பார்ப்பவர்களே அதிகம். பி.பி.டி. என்கிற பிசியோ பட்டப்படிப்பு படித்து, எம்.பி.டி. என்கிற மேல்படிப்பில் இதயம்-நுரையீரல் பிரிவை எடுத்தவர் கிடைத்தால் நல்லது. உங்கள் மார்பு மருத்துவரிடமே பெயர் கேளுங்கள், பெரிய மருத்துவமனைகளின் பிசியோ பிரிவுக்குப் போன் செய்து "சி.ஓ.பி.டி.க்கு ஆன்லைனில் எடுக்கிறீங்களா?" என்று கேளுங்கள். நான் ஒன்பது இடத்தில் கேட்டேன்; இரண்டு பேர்தான் ஆமாம் என்றார்கள்.

பணம் கட்டுமுன் கேட்க வேண்டியது இவ்வளவுதான். முதல் நாள் மதிப்பீடு செய்வாரா, நேரே பயிற்சியா? வகுப்பு நேரலையா, பதிவுசெய்த வீடியோவா? பயிற்சியின்போது ஆக்சிஜன் அளவைக் கேட்டுக் குறித்துக்கொள்வாரா? தமிழில் பேசுவாரா? நடுவில் உடம்பு சரியில்லாமல் போனால் மீதி வகுப்பு நிற்குமா, காலாவதி ஆகிவிடுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்காமல் நான் 6,000 ரூபாயை இழந்தேன். முதலில் சேர்ந்தது ஒரு செயலி வழி நிறுவனம். அழகான செயலி. முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள். மதிப்பீடு என்பது பத்துக் கேள்வி, அதுவும் இங்கிலீஷில். அடுத்த நாளே வெளிநாட்டுத் தாத்தா ஒருவர் டம்பெல் தூக்கும் வீடியோ வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "இவரு நல்லாத்தானே இருக்காரு, இவருக்கு என்ன சீக்கு?" என்றார். மூன்றாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். இரண்டு வாரம் கழித்து உள்ளே போனால், திட்டம் முடிந்துவிட்டதாம். வாராவாரம் பணம் கட்டும் ஏற்பாட்டுக்கே ஒத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கடைசியில் கிடைத்தவர் மதிப்பீட்டுக்கு 800, வகுப்புக்கு 500 வாங்கினார். வாரம் இரண்டு வகுப்பு, எட்டு வாரம். ஐந்தாறு பேர் சேர்ந்த குழு வகுப்பு இதில் பாதிக் காசுக்குக் கிடைக்கும். அதற்கு மேல் கூட்டம் என்றால் வேண்டாம். திரையில் தபால்தலை அளவில் தெரியும் ஆளின் உதடு நீலமாகிறதா என்று யாருக்குத் தெரியும்?

அரசு பக்கம் இரண்டு வழி உண்டு. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். அவர்கள் பெரும்பாலும் படுக்கையில் இருப்பவர்களைப் பார்ப்பவர்கள் என்றாலும், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். ஒருமுறை வந்து வீட்டு ஏற்பாட்டைப் பார்த்துச் சொன்னாலே பெரிய உதவி. இ-சஞ்சீவனி என்கிற அரசு தொலைமருத்துவச் சேவையில் மருத்துவரோடு இலவசமாக வீடியோவில் பேசலாம். பயிற்சி நடத்த அது ஆகாது. இடையில் மருந்து பற்றிக் கேட்க உதவும்.

5. வாங்க வேண்டியவை, வாங்கக் கூடாதவை

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் கட்டாயம். நல்லது 1,200 ரூபாய்க்கு வாங்கினோம். இன்ஹேலர் முனையில் மாட்டும் ஸ்பேசர் குழாய் 350. கை, காலுக்கு இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் இழுவைப் பட்டை 400. எடைக்கு எதுவும் வாங்க வேண்டாம்: அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ, ஒரு லிட்டர் பாட்டில் ஒரு கிலோ.

மூன்று பந்து ஏறி இறங்குமே, அந்தக் கருவியை கொரோனா காலத்தில் எல்லோரும் வாங்கி வைத்திருக்கிறோம். அது அறுவை முடிந்து படுத்திருப்பவர்களுக்குக் கொடுப்பது. சி.ஓ.பி.டி.க்கு அதை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது நடைப்பயிற்சிக்கு ஈடாகாது. 'நுரையீரல் சுத்தம்' என்று விற்கும் பொடிகளுக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். விரலைக் கேமராவில் வைத்தால் ஆக்சிஜன் சொல்லும் செயலிகளையும் நம்பாதீர்கள்.

ஆக்சிமீட்டரில் சில நுணுக்கம். மருதாணி, நகப்பூச்சு, சில்லிட்ட விரல் எல்லாம் எண்ணைக் குழப்பும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, மாட்டிய பிறகு அரை நிமிடமாவது ஆடாமல் வைத்து, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். நடக்கும்போது காட்டுவதை நம்ப முடியாது, நின்று பாருங்கள். கறுத்த தோலில் இது உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும். எண் நன்றாக இருந்தும் ஆள் திணறினால் ஆளை நம்புங்கள், எண்ணை அல்ல.

இன்னொன்று. நான்காவது வகுப்பில் நடந்து முடித்த அம்மா விரலைப் பார்த்து "தொண்ணூத்தெட்டு" என்றார், சந்தோஷமாக. உட்கார்ந்திருக்கும்போதே 94க்கு மேல் போகாதவர். பிசியோ, "அம்மா, கேமராகிட்ட காட்டுங்க" என்றார். கருவி தலைகீழாக மாட்டியிருந்தது. 86ஐத் தலைகீழாகப் படித்தால் 98. ஒரு தாளில் எழுதித் திருப்பிப் பாருங்கள், புரியும். அன்றே கருவியின் மேல்பக்கத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டினோம். பொட்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று அம்மாவுக்கு இப்போது தூக்கத்தில்கூடத் தெரியும்.

6. வீட்டை ஏற்பாடு செய்தல்

பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். உட்கார்ந்து எழும் பயிற்சியில் கால் விரிந்துவிடும், வழுக்கும். கையில்லாத மர நாற்காலி அல்லது இரும்பு நாற்காலியைச் சுவரோடு சேர்த்துப் போடுங்கள். தரையில் மிதியடி, ஈரம் இருக்கக் கூடாது. போனை ஏழெட்டு அடி தள்ளி, தலையிலிருந்து பாதம்வரை தெரியும்படி வையுங்கள். எங்கள் வீட்டில் அரிசி டப்பாதான் ஸ்டாண்ட்.

நேரம் குறிக்கும்போது இரண்டைப் பாருங்கள். சாப்பிட்டு ஒன்றரை மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்று மின்வாரிய அறிவிப்பில் பார்த்து, அந்த நாளைத் தவிருங்கள். காலை ஒன்பது மணிக்குப் போனால் மதியம்தான் வரும். எங்கள் ஊரில் ஆடித்தபசுத் திருவிழா வாரத்தில் எந்த வகுப்பும் நடக்காது என்று அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார், அதையும் குறித்துக்கொண்டோம்.

முதல் இரண்டு வாரம் பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எங்களுக்கு சித்தி. அவருடைய வேலை மூன்றே: ஆக்சிமீட்டரைப் படிப்பது, போனைத் திருப்புவது, "போதும் விடு, பாவம்" என்று சொல்லாமல் இருப்பது. மூன்றாவதுதான் அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

7. முதல் வகுப்பும் அதன் பிறகும்

முதல் நாள் பெரும்பாலும் பேச்சுதான். நோய் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதிக்கிறது என்று கேட்கும் எட்டுக் கேள்வி கொண்ட ஒரு தாள் தருவார்கள், மொத்தம் 40 மதிப்பெண். எண் கூடினால் தொல்லை கூடுதல் என்று பொருள். பிறகு ஒரு நிமிடத்தில் எத்தனை முறை கையூன்றாமல் உட்கார்ந்து எழுகிறார் என்று எண்ணுவார்கள். அம்மா 11.

இன்ஹேலரை இழுத்துக் காட்டச் சொல்வார்கள். வெட்கப்படாமல் காட்டுங்கள். அம்மா இரண்டு வருடமாக மருந்தை அழுத்திவிட்டு அப்புறம் இழுத்துக்கொண்டிருந்தார்; பாதி மருந்து நாக்கிலேயே நின்றிருக்கும். ஸ்டீராய்டு சேர்ந்த இன்ஹேலர் என்றால் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளிக்க வேண்டும், இல்லாவிட்டால் வாயில் வெள்ளை படியும். கேப்சூலைக் கருவியில் போட்டு இழுக்காமல் தண்ணீரோடு விழுங்கியவர்களும் இருக்கிறார்களாம். சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது உதட்டைக் குவித்து மூச்சுவிடுவது. மூக்கால் இரண்டு எண்ணும்வரை இழுத்து, குவித்த உதட்டால் நான்கு எண்ணும்வரை விட வேண்டும். இந்த நோயில் மூச்சை வெளியே விடும்போது சின்னக் குழாய்கள் மூடிக்கொண்டு காற்று உள்ளேயே மாட்டிக்கொள்கிறது. பழைய காற்று வெளியே போகாமல் புதிய காற்றுக்கு இடமில்லை. உதட்டைக் குவித்தால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் நிற்கும், குழாய்கள் திறந்திருக்கும்.

பிசியோ "மெழுகுவத்தி அணையாம, சுடர் மட்டும் ஆடுற மாதிரி ஊதுங்கம்மா" என்றார். அம்மா என் பக்கம் திரும்பி, "ஏட்டி, ஊதாங்குழல் மாதிரியா?" என்றார். முப்பது வருடம் அடுப்பை ஊதிய வாய். கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஒரே ஊது ஊதினார், இருமல் வந்துவிட்டது. "அதுக்கு நேர் எதிரும்மா. அடுப்பு பத்திக்கவே கூடாது" என்றார் பிசியோ. அந்த ஒரு வாக்கியத்தில் பிடித்துக்கொண்டார். இப்போதும் படியேறும்போது தனக்குத்தானே "பத்திக்கக் கூடாது" என்று முணுமுணுப்பார்.

வகுப்பு முக்கால் மணி நேரம். ஐந்து நிமிடம் உடம்பைச் சூடேற்றி, பிறகு கூடத்தில் நடை. முதல் வாரம் மூன்று நிமிடம் நடை, இரண்டு நிமிடம் ஓய்வு. ஏழாம் வாரம் நிற்காமல் இருபது நிமிடம். அப்புறம் உட்கார்ந்து எழுவது, குதிகாலை உயர்த்துவது, பாட்டிலைத் தூக்குவது. வகுப்பில்லாத நாட்களில் மூன்று நாளாவது தானாகச் செய்ய வேண்டும். மருத்துவர் சொல்லியிருந்தால் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் முன் அவசர இன்ஹேலர்.

எவ்வளவு மூச்சிரைக்கலாம்? 0 முதல் 10 வரை ஓர் அளவு சொல்வார்கள். எங்களுக்குக் குறித்தது 3, 4. மூச்சே வாங்கவில்லை என்றால் பயிற்சி போதவில்லை. நம் அம்மாக்களிடம் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே பதில், "பரவாயில்லை". அதனால் அம்மா வாயாலேயே அளவு வைத்தோம். தெருக்குழாயிலிருந்து ஒரு குடம் தூக்கிவந்த மூச்சு 3. கழுகுமலை ஏறிய மூச்சு 8. அதன்பிறகுதான் உண்மையான எண்கள் வந்தன.

குனிந்து செய்யும் வேலையில்தான் அதிகம் திணறும். கோலத்தைக் குனிந்து போடாமல், சின்ன முக்காலியில் உட்கார்ந்து மூன்று புள்ளிக் கோலம். குளியலும் உட்கார்ந்தே. வாளியைத் தூக்கும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கக் கூடாது. மூச்சை அடக்கும் யோகாசனப் பயிற்சிகளையும் எங்கள் பிசியோ வேண்டாம் என்றார்.

8. எப்போது நிறுத்துவது

ஆக்சிஜன் 88க்குக் கீழே போனால் நிறுத்தி உட்கார வேண்டும் என்பது எங்களுக்குச் சொன்னது. உங்கள் மருத்துவர் வேறு எண் எழுதியிருந்தால் அதுதான் சட்டம். நெஞ்சுவலி, தலைசுற்றல், குளிர்ந்த வியர்வை வந்தாலும் அப்படியே நிறுத்துங்கள். ஓய்வெடுத்தும் எண் ஏறவில்லை, உதடு நீலம், முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் பிசியோவுக்குப் போன் செய்து நேரத்தை வீணாக்காமல் 108ஐ அழையுங்கள். நோயாளியின் வீட்டு முகவரி, அடையாளத்தோடு பிசியோவிடம் முன்பே இருக்க வேண்டும். திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு உங்கள் தெரு எதுவென்று தெரியாது.

சளி மஞ்சள், பச்சையாக மாறி, அளவும் கூடி, இரண்டு நாளாக மூச்சிரைப்பும் அதிகமானால் வகுப்பை ரத்துசெய்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். ஆறிய பிறகு விட்ட இடத்திலிருந்து அல்ல, இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

வீட்டில் ஆக்சிஜன் கருவி ஓடுகிறதென்றால் அந்த அறையில் விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் கூடாது. மருத்துவர் குறித்த அளவை நாமாகக் கூட்டவும் கூடாது.

9. பணம் திரும்பக் கிடைக்குமா

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையில் இது வரும் என்று நினைத்து, இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து ஒரு வாரம் போக்கினேன். அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானது. இந்த வகுப்புக்கு உதவாது. தனியார் காப்பீட்டில், தொலைமருத்துவ ஆலோசனையையும் ஏற்க வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2020 ஜூனில் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் பாலிசியில் புறநோயாளிச் செலவு இருந்தால்தான் அது பொருந்தும்.

என் தொழில் புத்தியில் ஒன்று சொல்கிறேன். 60 வயது தாண்டிய பெற்றோருக்கு மருத்துவக் காப்பீடு இல்லாவிட்டால், அவர்களுக்காகச் செய்த மருத்துவச் செலவை, 80டி என்று நாம் அறிந்த வருமான வரிக் கழிவில், பழைய வரிமுறையில் 50,000 ரூபாய்வரை காட்டலாம். ரொக்கமாகக் கொடுத்தது கணக்கில் வராது. அதனால் பிசியோவுக்கும் ஆய்வகத்துக்கும் யு.பி.ஐ.யில் கட்டி, நோயாளி பெயர் போட்ட ரசீது வாங்கி வையுங்கள்.

ஏமாந்த 6,000ஐயும் போக்குவரத்தையும் விட்டுவிட்டால் எங்கள் மொத்தச் செலவு 14,250. வாரம் இருமுறை காரில் திருநெல்வேலி போய் வந்திருந்தால் கார் வாடகையே இதைப்போல இரண்டு மடங்கு ஆகியிருக்கும்.

10. எட்டு வாரம் முடிந்த பின்

அதே தாழ்வாரத்தில் மறுபடி நடக்க வையுங்கள். 30 மீட்டர் கூடியிருந்தாலே நல்ல முன்னேற்றம் என்பார்கள். அம்மா 318 நடந்தார், ஒரே ஒரு முறை நின்றார். ஒரு நிமிடத்தில் 15 முறை எழுந்தார்.

இதோடு விட்டுவிட்டால் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பலன் கரைந்துவிடும். நாங்கள் மாதம் ஒரு வகுப்பு வைத்திருக்கிறோம், 500 ரூபாய். மற்ற நாட்களில் சமையலறை காலண்டரில் செய்த நாளுக்கு டிக், விட்ட நாளுக்குக் காரணம். மாதக் கடைசியில் சித்தி அதைப் படமெடுத்து எனக்கும் பிசியோவுக்கும் அனுப்புவார். ஃப்ளூ தடுப்பூசி வருடம் ஒருமுறை. நிமோனியா தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுவிடுங்கள். கொசுவத்திச் சுருளும் வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் நின்றுவிட்டன. போகி அன்று விடியுமுன்னே ஜன்னலைச் சாத்திவிட்டு, அன்றைய நடை வீட்டுக்குள், பத்து மணிக்கு மேல். போன மாதக் காலண்டரில் நான்கு நாள் டிக் இல்லை. மூன்றுக்குக் காரணம் 'மழை'. நான்காவதில் அம்மா கையெழுத்தில் 'சோம்பல்'.